ஃபைலோடு வந்தவர்

என் தம்பிக்கு எந்த விஷயமும் ஒரே வரியில் முடிந்துவிடும். "காலி வீட்டுல ராத்திரி லைட் எரியுது. போலீஸுக்கு, நூத்திப் பன்னெண்டுக்குப் போனைப் போடு. இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்றான். அவன் இருப்பது சென்னையில், வாசலில் ஷிஃப்ட் போட்டு ஆள் காவல் நிற்கும் அடுக்குமாடியில். பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் செக்யூரிட்டியின் நோட்டில் இருக்கும். அவன் மனதில் இருக்க வேண்டியதில்லை. நான் இருப்பது பெங்களூரில், தெருவைப் பார்த்த தனி வீட்டின் மாடியில். அவன் சொன்னது தப்பென்று சொல்ல மாட்டேன். கடைசியில் நானும் அதே எண்ணுக்குத்தான் போன் செய்தேன். ஆனால் அந்த "யோசிக்க என்ன இருக்கு" மட்டும் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. யோசிக்க நிறைய இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஏரியாவின் பெயரைச் சொல்லவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. டெலிபோன் செய்யும் ஐடிஐ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் தவணையில் சைட் வாங்கி, பிஎஃப் பணத்தில் வீடு கட்டிய கிழக்குப் பக்கத் தெருக்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தெருவுக்கு ஒன்றிரண்டு வீடாவது பூட்டிக் கிடக்கும். பெரியவர்கள் காலமாகியிருப்பார்கள். பிள்ளைகள் டல்லாஸிலோ மெல்போர்னிலோ இருப்பார்கள். விற்கவும் மனசு வராது, வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்காது.

எங்கள் பக்கத்து வீடு அப்படி ஒன்று. தெருவில் எல்லாருக்கும் அது டீச்சரம்மா வீடு. சார் ஐடிஐயில் இருந்தார், அம்மா தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். சார் முன்பே போய்விட்டார். அம்மா கடைசி வரை அந்த வீட்டில் தனியாக இருந்து, ஒரு தை மாதம் தூக்கத்திலேயே போனார். குளிப்பாட்டிப் புடவை கட்டியது என் மாமியாரும் எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டியும்தான். பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்து காரியம் முடித்து, வீட்டைப் பூட்டி, ஒரு நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாவி ஓசூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இருக்கிறது என்றார். அந்தச் சித்தப்பா மகனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் மாடி பால்கனியிலிருந்து அவர்கள் பின்கட்டு முழுக்கத் தெரியும்: துவைக்கிற கல், சம்ப் மூடி, சுவரோரம் ஒரு கொய்யா மரம்.

எனக்கு வேலை அமெரிக்க நேரத்துக்கு. ஒரு கம்பெனியின் கணக்கு வழக்கு. ராத்திரி இரண்டு வரை மாடியில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு ராத்திரி காபி போட எழுந்தபோதுதான் அவர்கள் பாத்ரூம் வெண்டிலேட்டரில் வெளிச்சம் பார்த்தேன். பால்கனிக்கு வருவதற்குள் அணைந்துவிட்டது. எதிர்ப்பக்கக் கார் விளக்கு பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சம்ப் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. இதைக் கார் விளக்கு என்று தள்ள முடியாது. மோட்டார் ஓட சம்பில் தண்ணீர் வேண்டும். சம்பில் தண்ணீர் வேண்டுமென்றால் காவேரித் தண்ணீர் வால்வை யாரோ திறந்துவிட்டிருக்க வேண்டும். வால்வு காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கிறது.

அப்புறம் அந்த கரண்ட் பில். பெஸ்காம் மீட்டர் ரீடர் மாதாமாதம் வந்து, மெஷினில் கிழித்த சீட்டை கேட் கம்பியில் செருகிவிட்டுப் போவார். மழையில் நனையாமல் என் மாமியார் அதை எடுத்து வந்து, எங்கள் ஹாலில் ஆணியில் தொங்கும் ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பார், பிள்ளை வந்தால் கொடுக்க. அந்த கிளிப்பில் டீச்சரம்மாவின் கருமாதிப் பத்திரிகையும் இருக்கிறது. எல்லா சீட்டிலும் யூனிட் இருக்கும் இடத்தில் பூஜ்யம், நிலைக் கட்டணம் மட்டும். பணம் தானாக வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது போல, கனெக்‌ஷனைப் பிடுங்கவில்லை. அந்த மாதச் சீட்டில் நாற்பதுக்கு மேல் யூனிட் இருந்தது. பேய் வந்தாலும் இவ்வளவு கரண்ட் செலவழிக்காது என்றார் மாமியார்.

சந்தேகம் என்ற வார்த்தைக்கு இவ்வளவு போதும். ஆனால் யார் மேல் சந்தேகம்? ஓசூர் சித்தப்பா மகன் யாரையாவது காவலுக்கு வைத்திருக்கலாம். பிள்ளையே லீசுக்கு விட்டிருக்கலாம். பூட்டிய வீட்டில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பது தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போட்டால் அது உபயோகத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

குரூப்பில் வந்த படம்

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வழக்கமாக அதில் தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி ஏன் வரவில்லை, யார் வீட்டு நாய் யார் வாசலில் என்பதோடு சரி. நான் வாய் திறப்பதற்கு முன்னால், அடுத்த வரிசையிலிருக்கும் ஒருவர் ஒரு படம் போட்டார். டீச்சரம்மா வீட்டுச் சுவர் மேல் ஒரு பையன். பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். முதுகில் வெள்ளைச் சாக்கு. பாட்டில், அட்டை பொறுக்க வருகிற பையன், நான் தினமும் பார்க்கிறவன்தான். கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கொய்யாப் பழம்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் குரூப் கொதித்தது. ராத்திரி அந்த வீட்டில் சத்தம் கேட்டதாக இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். அப்படியானால் இவன்தான். இவன் மட்டும் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. பேசுகிற பாஷை பெங்காலி, எனவே பங்களாதேஷி. ரிட்டயர்டு பேங்க்காரர் ஒருவர், மனிதர் தங்கமானவர், கோயில் பிரசாதம் வீடு வீடாகக் கொடுப்பவர், "போலீஸ் எல்லாம் அப்புறம். முதல்ல பிடிச்சு நாலு போடணும்" என்று எழுதினார். கீழே வரிசையாகக் கட்டை விரல்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த வரியைப் படித்துவிட்டு சும்மா தூங்க முடியாது. 2018 மே மாதம் சாம்ராஜ்பேட்டையில், பிழைப்புக்காக ராஜஸ்தானிலிருந்து வந்த ஓர் இளைஞனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லிக் கட்டிப்போட்டு அடித்தே கொன்றார்கள். அதற்கு முந்தைய வாரங்கள் முழுக்க எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் பெல்லந்தூர் பக்கம் கரியம்மன அக்ரஹாரத்தில் ஒரு வீடியோ பரவி, அங்கே குடிசை போட்டிருந்தவர்கள் எல்லாம் பங்களாதேஷிகள் என்று பேச்சாகி, குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். இருந்தவர்களில் வட கர்நாடகக்காரர்களும் உண்டு, அஸ்ஸாம்காரர்களும் உண்டு. ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அது சட்டப்படி நடந்ததல்ல என்று பின்னால் உயர்நீதிமன்றம் சொன்னது. அதற்குள் வீடு போய்விட்டது.

ஆக, நான் இப்போது 112க்குப் போன் செய்து "பக்கத்து வீட்டில் யாரோ நடமாடுகிறார்கள்" என்றால் என்ன நடக்கும்? ஹொய்சளா என்கிற போலீஸ் ரோந்து வண்டி வரும். தெருவில் நாலு பேர் கூடுவார்கள். "யார் மேல சந்தேகம்?" என்று கேட்டால் நாலு போனிலும் ஒரே படம் இருக்கும். என் கையில் இருந்தது ஒரு வெளிச்சமும் மோட்டார் சத்தமும் கரண்ட் பில்லும். அவர்கள் கையில் இருந்தது ஒரு முகம். இரண்டும் சேர்ந்தால் அந்தப் பையன் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் கட்சி வேறு. "நமக்கெதுக்கு வம்பு? அவன் வீடு, அவனுக்கே அக்கறை இல்ல." இதை ஒரு கருத்து என்று நான் எடுத்துக்கொள்வதில்லை, களைப்பு என்றுதான் எடுத்துக்கொள்வேன். எட்டு மணிக்கு சில்க் போர்டு சிக்னலில் நின்றுவிட்டு வருகிற மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

வக்கீலாக இருக்கும் தோழியிடம் கேட்டேன். அவள் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. குற்றத்தைப் பற்றித் தகவல் சொல்வது நம் இஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாக் குற்றத்துக்கும் அப்படி இல்லையாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு ஒரு பட்டியல் போட்டிருந்தது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அது 33ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் உள்ள குற்றம் நடப்பது தெரிந்தால், தகுந்த காரணம் இல்லாமல் சொல்லாமல் இருக்கக் கூடாது. கொலை, கொள்ளையோடு, இரவில் ஒளிந்து வீட்டுக்குள் புகுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. தப்பான தகவல் கொடுத்தால் வழக்கு வருமே என்றேன். பொய் என்று தெரிந்தே கொடுத்தால்தான் வரும், நல்லெண்ணத்தில் சொன்னதற்கு வராது என்றாள். "சட்டம் உன் பக்கம்தான்டி. ஆனா சட்டமா உன் பக்கத்து வீட்டுல குடியிருக்கு?" என்று சிரித்தாள்.

மாமியார் சொன்னது

என் மாமியார் அதிகம் பேச மாட்டார். மூன்று நாளாக நானும் அவர் மகனும் மாற்றி மாற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், கீரை ஆய்ந்தபடி 1991 டிசம்பரைப் பற்றி ஆரம்பித்தார். அந்த டிசம்பர் என்னவென்று பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: காவிரிக் கலவரம், தமிழர்களைத் தேடி அடித்த நாட்கள். அப்போது அவர்கள் மாகடி ரோடு பக்கம் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார்கள். ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள். பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். விளக்கை அணைத்துவிட்டு, குழந்தை அழாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். வாசலில் கூட்டம் வந்து நின்றபோது, முதல் வீட்டுக் கன்னட அம்மா கதவைத் திறந்து வெளியே போய், "இல்லி தமிளரு யாரூ இல்லா" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாராம். இங்கே தமிழர் யாரும் இல்லையாம். உள்ளே கோலம் போட்ட வாசல்களும் முருகன் காலண்டரும்.

இந்தக் கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எனவே, பார்த்தாயா, பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "அந்தம்மா வெளியே போயி ஆளுங்களைப் பாத்துப் பேசுச்சு. மூஞ்சியைப் பாத்துச்சு. நீ மாடியில உக்காந்துட்டு வெண்டிலேட்டரைப் பாத்துட்டு இருக்கே. பகல்ல போயி கேட்டைத் தட்டிப் பாரேம்மா, யாரு இருக்காங்கன்னு" என்றார். சொல்லிவிட்டுக் கீரைத் தண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கேட்டைத் தட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. மறுநாள் காலை கேட்டே திறந்திருந்தது.

ஒரு பெயின்டர் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு சதுரத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் காலி சைட்டு, காலி வீட்டுச் சுவரில் எல்லாம் பார்த்திருப்பீர்கள்: இந்தச் சொத்து இன்னாருக்குச் சொந்தம், விற்பனைக்கு இல்லை, ஏமாற வேண்டாம், கீழே ஒரு போன் நம்பர். அது எழுதத்தான் வெள்ளை. மாவரைக்கப் போகிற சாக்கில் தூக்கோடு அங்கே நின்றேன். இன்னொரு கையில் அந்தக் கரண்ட் பில். யாரையாவது பார்த்தால் காட்டிக் கேட்கலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம், கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். வாசலில் வெள்ளை இன்னோவா. "நமஸ்காரா மேடம், பக்கத்து வீடா?" என்றார் கன்னடத்தில், பிறகு நான் தமிழ் என்று தெரிந்ததும் அழகான தமிழில். வீட்டை இனி அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதாம். ராத்திரி ஒரு பையனைப் படுக்க வைத்திருக்கிறாராம், தொந்தரவு இருந்தால் மன்னிக்க வேண்டுமாம். சாரின் பெயர், இனிஷியல், ஐடிஐ, எல்லாம் சரியாகச் சொன்னார். கேட் பெயர்ப்பலகையில் இருப்பதுதான், ஆனாலும் சரியாகச் சொன்னார். சொல்லட்டுமா, எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெளிச்சத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, படத்திலிருந்த பையன் தப்பித்தான், நான் போய் மாவரைக்கலாம்.

அப்போதுதான் அவர் கண் என் கையில் இருந்த சீட்டுக்குப் போனது. "ஓ, கரண்ட் பில்லா? குடுங்க மேடம், அதைத்தான் தேடிட்டு இருந்தேன். பழைய பில் ஏதாவது இருந்தாலும் குடுங்க, உபகாரமா இருக்கும்." கையை நீட்டினார். நகம் சுத்தமாக வெட்டிய கை, மோதிர விரலில் பவழம். நானும் நீட்டப் போனேன். மரியாதையாக நீட்டிய கையில் எதையாவது வைக்கத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். நீட்டும்போதே, பேச்சுக்குப் பேச்சாக, "அமெரிக்காவுல இருக்கிற பையன் எப்படி இருக்காரு?" என்றேன்.

"எல்லாரும் சௌக்கியம் மேடம். அம்மாவும் அங்கதான் இருக்காங்க இப்போ. சென்னாகித்தாரெ. நேத்துகூட வீடியோ கால்ல பேசினேன்."

எந்த அம்மா என்று கேட்டேன். "டீச்சரம்மாதான், வேற யாரு" என்று சிரித்தார்.

எனக்குக் கை குளிர்ந்தது, ஆனால் வாய் தானாக வேலை செய்தது. "அப்படியா, ரொம்ப சந்தோஷம். நான் விசாரிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன். "கண்டிப்பா சொல்றேன் மேடம். நாளைக்கே பேசுவேன்" என்றார். பில்லை இடுப்பில் செருகிக்கொண்டு, பையனுக்கு நேரடியாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மாவு மெஷின் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சிவில் மேட்டர்

இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் 112க்குப் போன் செய்தேன். பெயர், இடம் கேட்டார்கள். கால் மணியோ என்னவோ, வண்டி வந்துவிட்டது. பேட்ரோல் போலீஸ்காரர் எங்கள் பால்கனிக்குக் கீழே நின்று எனக்குப் போன் செய்து, நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானே கம்ப்ளெயின்ட் குடுத்தது?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார். ரகசியம் அதோடு போயிற்று. ஃபைல்காரரும் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஃபைல் திறந்தது. முத்திரைத்தாள், நோட்டரி முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது. போலீஸ்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது சிவில் மேட்டர் மேடம், ஓனர்தான் வரவேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொத்து யாருக்கு என்று தெருவில் நின்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை. அப்போது என் மாமியார் மெதுவாகப் படியிறங்கி வந்தார். கையில் அந்த கிளிப். அதிலிருந்து கருமாதிப் பத்திரிகையை உருவி, டீச்சரம்மா படம் இருந்த பக்கத்தைக் காட்டி, "நான்தான் சார் குளிப்பாட்டினேன்" என்று கன்னடத்தில் சொன்னார். போலீஸ்காரர் பத்திரிகையில் போட்டிருந்த தேதியைப் பார்த்தார். பிறகு முத்திரைத்தாளில் போட்டிருந்த தேதியைப் பார்த்தார். டீச்சரம்மா இறந்து ஏறக்குறைய ஒன்றே கால் வருஷம் கழித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது என்று பிறகு தோழி சொன்னாள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் அதோடு முடிந்தது. ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. பவரை வைத்துச் சொத்து கைமாறிவிட்டதாகச் சொல்வதும் எடுபடாது, 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் இவ்வளவு ஓட்டையான காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு நிதானமாக வந்து வெள்ளையடிப்பது ஏன்? நான் கேட்ட இந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில்தான் எனக்கு முழுப் படத்தையும் காட்டியது. இந்த மாதிரி ஆட்களுக்கு முதலில் வேண்டியது பத்திரம் இல்லையாம், சுவாதீனமாம், அதாவது இடம் தன் கையில் இருப்பது. உள்ளே ஆளைப் படுக்க வை. தண்ணீர், கரண்ட் ஓடட்டும். பில் சேர்த்து வை. சுவரில் பெயர் எழுது. அக்கம்பக்கத்தில் நாலு பேரோடு சிரித்துப் பேசு. பிறகு நீயே கோர்ட்டுக்குப் போய், நான் இங்கே இருக்கிறேன், என்னைத் தொந்தரவு செய்யாமல் தடையாணை வேண்டும் என்று கேள். நன்றாக ஊன்றி உட்கார்ந்துவிட்டவரை உண்மையான சொந்தக்காரரே ஆனாலும் சட்டத்தின் வழியில்தான் வெளியேற்ற வேண்டும். நியாயமான விதிதான், குடித்தனக்காரர்களைத் தெருவில் தூக்கிப் போடாமல் காப்பாற்றுவதும் இதுதான். மறுபக்கம், சொத்தைப் பறிகொடுத்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், பட்டா பத்திர விவகாரத்துக்குள் போகாமல் சுவாதீனத்தை மட்டும் திரும்பக் கேட்க முடியும். அது குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆம் பிரிவு. ஆறு மாதம் தாண்டினால் முழு உரிமையையும் நிரூபிக்கிற நீண்ட வழக்கு. இவர்கள் அமெரிக்காவுக்குப் பிள்ளை போன வீடாகப் பார்த்துப் பிடிப்பது அந்த ஆறு மாதத்தை நம்பித்தான்.

அந்தச் சாயங்காலத்திலிருந்து பிள்ளையைத் தேடினோம். கிடைத்தது பூக்கடைக்காரர் மூலமாக. அவர் டீச்சரம்மாவிடம் ஆறாவது படித்தவர். பழைய மாணவர்கள் ஒரு குரூப் வைத்திருந்தார்கள், அதில் ஒருவருக்குப் பிள்ளையின் ஃபேஸ்புக் தெரிந்திருந்தது. பிள்ளை கூப்பிட்டபோது எங்களுக்கு நடு ராத்திரி. அம்மா அமெரிக்காவில் சௌக்கியமாக இருப்பதாக அந்த ஆள் சொன்னதைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு காரியம் வேகமாக நடந்தது. ஆன்லைனில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, புதிதாக எதுவும் பதிவாகவில்லை. 2024 கடைசியிலிருந்து இங்கே இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் ஆன்லைன் சொத்துக் கணக்கு, இல்லாமல் பத்திரப் பதிவு கிடையாது என்று வந்ததும் ஒரு வகையில் காப்பாற்றியது. தன்னைக் கேட்காமல் ஒருதலையாக யாரும் உத்தரவு வாங்கிவிடாதபடி கோர்ட்டில் கேவியட் போட்டார். ஓசூர் சித்தப்பா மகன் நிஜமாகவே இருந்தார். வந்து எழுத்தில் புகார் கொடுத்து, பூட்டை மாற்றினார். வழக்கு எப்படிப் போகிறது என்று நான் எழுதக் கூடாது.

ஆனால் இதை எழுதலாம். பூட்டு மாற்றிய பிறகு ஒருநாள், பஜாரில் அந்த ஃபைல்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து நின்று, தோளைத் தொட்டு விசாரித்திருக்கிறார். "மேடம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாடியில தனியா வேலை பாக்குறாங்க போலிருக்கு. பாத்துக்குங்க சார், காலம் கெட்டுக் கிடக்கு" என்றாராம், ரொம்ப அக்கறையாக. மறுநாளே பால்கனிக்கு கிரில் போட்டோம். இப்போது கம்பிக்கு நடுவில்தான் கொய்யா மரத்தைப் பார்க்கிறேன். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வரி வைத்திருப்பான்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கப் போனபோது, அந்த ஆளின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வாரக்கணக்கில் தெருவில் வந்து போயிருக்கிறார். டீக்கடையில் நின்றிருக்கிறார். பேங்க்காரர் வீட்டு வாசலில் நின்று வாஸ்து பேசியிருக்கிறார். இன்னோவா நம்பரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. எதிர்வீட்டு கேமராவில் இருந்ததன் மேல் புதுப் பதிவு ஏறிவிட்டது. குரூப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரிடமும் இல்லை.

கேட்டதோடு கேட்டதாக, அந்தப் பையன் படத்தை எடுத்துவிடுங்கள், அவன் இதில் சம்பந்தமே இல்லை என்று அட்மினுக்குத் தனியாக எழுதினேன். பையன் அந்த வாரத்துக்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவேயில்லை. யாராவது விரட்டினார்களா, படம் சுற்றுவது அவன் காதுக்கு எட்டியதா, தெரியவில்லை. இப்போது பாட்டில் எடுக்க வருவது வேறொரு பெரியவர்.

அட்மின் உடனே பதில் போட்டார். "இருக்கட்டும் மேடம். ஒரு ரெக்கார்டுக்கு."